சாம்பிளில் ஒரு துணி, பெட்டியில் வேறு துணி

புதுச்சேரியில் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், அந்தப் பக்கம் கடலூர் சிப்காட் என்று க்ளீன்ரூம் (காற்றில் தூசியைக் கட்டுப்படுத்திய அறை) வைத்திருக்கிற சின்ன யூனிட்டுகளில் ஸ்டோர்ஸோ பர்ச்சேஸோ பார்ப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். போலிச் சரக்கு விற்று எங்களை ஏமாற்றியவரின் பெயர் போடவில்லை, போட்டால் அது வேறு தலைவலி. ஆள் இன்னும் இந்தப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் மருத்துவமனைக்குப் போகிற டியூப் செட்டுகளை ஒட்டி, பேக் செய்து அனுப்புகிறோம். ஒட்டும் அறை ஐஎஸ்ஓ 7. அதாவது வேலை நடக்கும்போதும் ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலுமான துகள் 3,52,000-ஐத் தாண்டக் கூடாது. கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தெரியும். உள்ளே நின்று வேலை பார்த்தால்தான் அது எவ்வளவு சின்னது என்று புரியும். இந்த அறைக்கு லின்ட் ஃப்ரீ (இழை உதிராத) துணி, கிளவுஸ், துடைப்பதற்கான 70 சதவீத ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) மூன்றும் அரிசி பருப்பு மாதிரி. தீர்ந்தால் லைன் நிற்கும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததை இந்த ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்களுக்கு வழக்கமாகச் சரக்கு வருவது பெங்களூரிலிருந்து, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, திருவண்ணாமலை வழியாக. ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வண்டிகளையே வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது அப்போதுதான். எங்கள் சரக்கு எப்போது வரும் என்று டிரான்ஸ்போர்ட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை. ஸ்டோர்ஸில் துணி ஆறு நாளுக்குத்தான் இருந்தது.

அந்த வாரம் பார்த்து ஒருவர் கேட்டில் வந்து நின்றார். "சார், நானும் பாண்டிதான். க்ளீன்ரூம் ஐட்டம் எல்லாம் ரெடி ஸ்டாக்" என்றார். கையில் ஒரு சாம்பிள் பாக்கெட். பிரித்துப் பார்த்தேன். நூறு சதவீத பாலியெஸ்டர் பின்னல், நான்கு ஓரமும் சூட்டில் உருக்கி அடைத்தது, விரலால் நீவினால் மெல்லிய கோடு மாதிரி தட்டுப்படும். அசல் சரக்கு. விலை நாங்கள் கொடுப்பதைவிடப் பாக்கெட்டுக்கு 250 ரூபாய் குறைவு. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கிளவுஸும் ஐபிஏவும் சேர்த்து ஆர்டர் போட்டு, பாதிப் பணம் 84,000 ரூபாய் அட்வான்ஸாகக் கொடுத்தேன். மூன்றாம் நாள் டாடா ஏஸில் சரக்கு இறங்கியது. பெட்டியைப் பிரிக்காமலே மீதிப் பணத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இது யாருடைய தப்பும் இல்லை, என் தப்பு.

முதலில் கண்டுபிடித்தது லைனில் இருக்கிற அக்கா. பன்னிரண்டு வருஷமாக அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவர். "தம்பி, தட்டுல முடி முடியா வருது, வந்து பாருங்க" என்று இன்டர்காமில் கூப்பிட்டார். நான் துகள் எண்ணும் மிஷினின் ரீடிங்கைப் பார்த்துவிட்டு, "கவுன்ட் எல்லாம் லிமிட்டுக்குள்ளதானக்கா இருக்கு" என்றேன். "மிஷினு என்ன வேணா சொல்லட்டும், நீங்க வந்து பாருங்க" என்றார்.

உடை மாற்றி உள்ளே போனேன். சோதனை விளக்குக்கு அடியில் கறுப்புத் தட்டைச் சாய்த்துப் பிடித்தார். வெள்ளை இழைகள், ஒவ்வொன்றும் இமை முடியில் பாதி நீளம், சுருண்டு கிடந்தன. துடைத்த இடத்தில்தான் அதிகம். துகள் எண்ணும் மிஷினில் ஏன் காட்டவில்லை என்றால், அது உறிஞ்சும் காற்றில் மிதந்து வருவதைத்தான் எண்ணும். இந்த மாதிரி நூலிழை மிஷின் வாய்வரை மிதந்து வராது, அதற்குள் தட்டில் படுத்துவிடும். ரீடிங்கை மட்டும் பார்த்து உட்கார்ந்திருந்தால் இன்னும் ஒரு வாரம் அப்படியே ஓட்டியிருப்போம்.

துணி மேல் சந்தேகம் வர இரண்டு நாள் ஆனது. அதுதான் கொடுமை. முதலில் ஃபில்டரைச் சந்தேகப்பட்டோம், அப்புறம் கவுனை, அப்புறம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒழுங்காகத் தலையை மூடவில்லை என்று அவனைத் திட்டினோம், பாவம். கடைசியில் அக்காதான் ஒரு துணியை எடுத்து ஓரத்தைக் காட்டினார். உருக்கி அடைத்த கோடு இல்லை. கத்தியால் வெட்டிய ஓரம், இழுத்தால் கண்ணி கண்ணியாக அவிழ்ந்தது.

அதில் ஒரு நூலை உருவி, வெளியே டீக்கடைப் பக்கம் கொண்டுபோய்த் தீக்குச்சியைக் காட்டினேன். பாலியெஸ்டர் என்றால் உருகிச் சுருங்கி, நுனியில் கறுப்பாகக் கெட்டி முத்து நிற்கும். இது குபுக்கென்று பற்றி, காகிதம் எரிகிற வாசனையோடு போனது. விரலில் தேய்த்தால் பாதி சாம்பல், பாதி நெருடல். பருத்தி கலந்த நூல். மிஷின் துடைக்கக் கிலோ கணக்கில் வாங்குவோமே பனியன் வேஸ்ட், அதற்குக் கொஞ்சம் மேல் ரகம். வெள்ளையாகப் பார்த்து எடுத்து, 9 இன்ச்சுக்கு வெட்டி, கவரில் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். கவர் மட்டும் அசல் மாதிரியே இருந்தது.

அன்று மாலையே மற்றதையும் பிரித்துப் பார்த்தோம். கிளவுஸை ஒரு கறுப்புத் துணியில் தேய்த்ததும் வெள்ளைத் தடம். பவுடர் போட்ட சாதாரண பரிசோதனைக் கிளவுஸ், அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துப் பாலித்தீன் பையில் மாற்றிப் போட்டது. உண்மையான க்ளீன்ரூம் கிளவுஸ் இரட்டைப் பையில் வரும், பவுடர் இருக்கவே கூடாது, பெரும்பாலும் 12 இன்ச் நீளம் இருக்கும், கவுன் கையின் மேல் ஏற்றிவிடலாம். இது மணிக்கட்டோடு நின்றது. துணியால் மாட்டியிருக்காவிட்டால் இதனால் மாட்டியிருப்போம்.

ஐபிஏதான் உச்சம். 70 சதவீதம் என்றால் ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி) 0.88-ஐ ஒட்டி நிற்க வேண்டும். இது 0.92 காட்டியது. ஏறக்குறைய பாதி தண்ணீர். 70 சதவீதமே போதும் என்பதற்குக் காரணம் இருக்கிறது: சுத்த ஆல்கஹால் சட்டென்று ஆவியாகிவிடும், கொஞ்சம் தண்ணீர் இருந்தால்தான் கிருமியின் புரதத்தைக் குலைக்கிற நேரம் கிடைக்கும். அதற்காக இன்னும் தண்ணீர் ஊற்றினால் இன்னும் நல்லது என்று ஆகாது. ஹைட்ரோமீட்டர் ரீடிங் சரியாக இருந்தாலும் நிம்மதியாக இருக்க முடியாது என்று எங்கள் லேப் பையன் சொன்னான். மெத்தனாலின் அடர்த்தி ஐபிஏவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அதைக் கலந்திருந்தால் ஹைட்ரோமீட்டருக்குத் தெரியாது, வெளி லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். இவர் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார், அந்த மட்டும் லாபம்.

சர்டிஃபிகேட் கொடுத்திருந்தாரே என்பீர்கள். கொடுத்திருந்தார், கலர் ஜெராக்ஸ். நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது, துணிக்கும் கிளவுஸுக்கும் ஒரே லாட் நம்பர். துணி சர்டிஃபிகேட்டில் அளவு 12 இன்ச், எங்களுக்கு வந்தது 9. பாக்கெட் மேல் இருந்த லாட் நம்பர் இரண்டிலும் இல்லை, அது தனியாக ஒட்டிய ஸ்டிக்கர். நகத்தால் கீறினால் அடியில் வேறு ஸ்டிக்கர்.

போன் போட்டேன். "சார், பாண்டில எல்லாரும் இதைத்தான் சார் வாங்குறாங்க, உங்க ரூம்லதான் ஏதோ பிரச்சனை" என்றார். அப்புறம், "பிரிச்ச பாக்கெட் ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்றார். பிரிக்காததை எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், "பாஸ்கிட்ட கேட்டுச் சொல்றேன்." பாஸ் என்று ஒருவர் இருக்கிறாரா என்பதே சந்தேகம். பில்லில் இருந்த விலாசத்துக்கு நேரில் போனோம். பூட்டிய ஷட்டர், பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். வக்கீல் அங்கேயே தடுத்துவிட்டார். 2019 சட்டப்படி வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் கணக்கில் வர மாட்டார், யூனிட்டுக்கு வாங்கியது அப்படித்தான் பார்க்கப்படும், சிவில் வழக்குதான் போட வேண்டும் என்றார். நோட்டீஸ் அனுப்பினோம், "ஆள் இல்லை" என்று திரும்பி வந்தது. எங்களுக்கு ஆன செலவில் துணிக் காசு சின்னது. அந்த நாட்களில் ஒட்டிய செட்டுகள் முழுவதையும் ஒதுக்கி, அழித்து, கஸ்டமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தை எழுதிய இரவு நான் சாப்பிடவில்லை.

இப்போது எந்த லோடு வந்தாலும், வழக்கமான பெங்களூர்க்காரரிடமிருந்தே வந்தாலும், நடுவிலிருந்து நான் கை வைக்கிற ஒரு பாக்கெட்டைப் பிரிக்கிறோம். சாம்பிள் என்று அவர்கள் நீட்டுவதைத் தொடுவதில்லை. ஓரம், தீக்குச்சி, கறுப்புத் துணி, ஹைட்ரோமீட்டர். அரை மணி நேர வேலை. பாக்கெட்டில் அச்சடித்த லாட் நம்பரைத் தயாரிப்பாளருக்கே மெயில் போட்டுக் கேட்கிறேன், இடையில் இருப்பவரிடம் இல்லை. அதுவரை பேமென்ட் கிடையாது. இன்னொன்றும் நடந்தது. துணியைப் பற்றி இவ்வளவு பேசியதில் எங்கள் ஆட்கள் அதைப் பந்தாகச் சுருட்டித் தேய்த்துக்கொண்டிருந்ததும் கண்ணில் பட்டது. நான்காக மடித்தால் எட்டு சுத்தமான பக்கம் கிடைக்கும், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு பக்கம், ஒரே திசையில். அக்காதான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறார். என்னையும் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

பிரிக்காத நாற்பது பாக்கெட் இன்னும் ஸ்டோர்ஸ் மூலையில் அடுக்கியிருக்கிறது. கம்ப்ரஸர் ஆயில் துடைக்க மெயின்டனன்ஸ் பையன்கள் எடுத்துக்கொள்கிறார்கள், நன்றாக உறிஞ்சுகிறதாம். அந்த ஆளோ வேறு நம்பரிலிருந்து தினமும் காலையில் தாமரைப்பூ படத்தோடு வணக்கம் அனுப்புகிறார். போன வாரம் அதற்குக் கீழே புது ரேட் லிஸ்ட்டும் இருந்தது. துணி இன்னும் 30 ரூபாய் குறைந்திருக்கிறது.