முத்து மாலை என்று கண்ணாடி மணியைத் தலையில் கட்டிவிட்டார்கள், 38,500 ரூபாய் போச்சு

கடைப் பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று போனிலேயே மிரட்டுகிறார்கள். ராமநாதபுரம் கடற்கரையில், கோயிலுக்கு வரும் கூட்டத்தை நம்பி சங்கு, பாசி, முத்து விற்கிற கடை. அது போதும்.

அக்கா மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராக ஒரு முத்து மாலை எடுக்கப் போனேன். எந்த ஊர் என்று கேட்டார் கடைக்காரர். மண்டபம் என்றதும் முகம் மலர்ந்து, "அட, நம்ம ஊரா மாப்ளே!" என்று டீ வரவழைத்தார். மேசை டிராயரிலிருந்து ஒரு சிப்பியை எடுத்தார். பிளந்து வைத்த சிப்பி, உள்ளே ஒரு முத்து. அதை என் உள்ளங்கையில் வைத்து, "மன்னார் வளைகுடா முத்து. நம்ம பசங்க போன மாசம் முங்கி எடுத்தது. ஊர்க்காரனை ஏமாத்துவேனா?" என்றார். 38,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

போன மாசமாம்! மன்னார் வளைகுடாவில் நம் பக்கம் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். முத்து விற்கிற ஆளுக்கு இது தெரியாமலா இருக்கும்?

மாலையைத் திரும்பக் கோக்கக் கீழக்கரையில் ஒரு பாயிடம் கொடுத்தேன். அவர் ஒரு மணியை லென்ஸுக்குக் கீழே வைத்து, "ஓட்டையைப் பாருங்க தம்பி" என்றார். ஓட்டையின் விளிம்பில் பூச்சு சின்னச் சின்னச் செதிலாகப் பெயர்ந்து நிற்கிறது. உள்ளே பளிச்சென்று கண்ணாடி. கண்ணாடி மணிக்கு மீன் செதில் சாந்து பூசுகிற இந்த வித்தை 17ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் வந்துவிட்டதாம். மீன் பிடிக்கிற ஊர்க்காரனுக்கே செதிலை விற்றிருக்கிறான்!

வளர்ப்பு முத்து என்று சொல்லி விற்றிருந்தால்கூடச் சண்டையில்லை. அதுவும் சிப்பி கட்டியதுதான், மனுஷன் சிப்பிக்குள் கரு வைத்துக் கட்டவைப்பது மட்டும்தான் வித்தியாசம். ஜப்பானில் மிக்கிமோட்டோ 1893இல் எடுத்தார், 1973இல் தூத்துக்குடிப் பக்கம் நம் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமும் எடுத்துக் காட்டியது.

கடைக்குப் போனால், "முதலாளி மதுரை போயிருக்கார்." அப்புறம், "லேப் ரிப்போர்ட் கொண்டாங்க." அப்புறம், "இது எங்க மாலைதான்னு என்ன நிச்சயம்?" சீட்டைக் காட்டினேன். அது பில்லே இல்லை, எஸ்டிமேட். 'மாலை 1, 38,500', அவ்வளவுதான். முத்து என்ற சொல்லே அதில் இல்லை. மாப்ளே என்று கூப்பிட்ட அதே ஆள் இப்போது, "சார், வியாபாரத்தைக் கெடுக்காதீங்க" என்கிறார். வாட்ஸ்அப்பிலும் பிளாக் செய்துவிட்டார்.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன். ஆத்திரத்தில் ஓடவில்லை. அவசரமாக இவ்வளவுதான்: முத்தைப் பல்லில் லேசாக உரசுங்கள், நிஜ முத்து நறநறக்கும், கண்ணாடி வழுக்கும். ஓட்டையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். எல்லா மணியும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவாக, மலிவாக இருந்தால் எடுக்காதீர்கள். ஹால்மார்க் தங்கம், வெள்ளிக்குத்தான், முத்துக்கு இல்லை. 'இயற்கை முத்து' அல்லது 'வளர்ப்பு முத்து' என்று எழுதி, ஜிஎஸ்டி எண் போட்ட பில் தராமல் காசை நீட்டாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி யாராவது மாட்டியிருந்தால் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், எனக்கு எழுதுங்கள். கல்யாணம் வெள்ளிக்கிழமை. சீருக்கு வேறு நகை எடுக்க இனிமேல்தான் பணம் புரட்ட வேண்டும்.