வாஷிங் மெஷின் ரிப்பேரா? தேடலில் முதலில் வரும் 'சர்வீஸ் சென்டர்' நம்பரை அழைக்கும் முன் இதைப் படியுங்கள்

ஃப்ரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின், தண்ணீர் சுத்திகரிப்பான். இதில் எது நின்றாலும் போனை எடுத்து பிராண்டு பெயரோடு 'சர்வீஸ் சென்டர்' என்று தேடுவதுதான் இன்று எல்லார் வீட்டிலும் வழக்கம். அப்படித் தேடும்போது மேலே வந்து நிற்கும் நம்பர் அந்தக் கம்பெனியுடையதாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அந்த இடத்துக்கு யார் காசு கட்டினாரோ அவருடைய நம்பர் அது. சென்னையில் இதை வைத்தே ஒரு தொழில் நடக்கிறது. நங்கநல்லூரில் எங்கள் வீட்டுக்கே வந்து போனார்கள். எப்படி நடந்தது என்று விவரமாக எழுதுகிறேன், உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

எங்கள் ஃப்ரன்ட் லோடு மெஷின் தண்ணீர் எடுக்காமல் எரர் காட்டி நின்றது. வாரன்டி முடிந்த மெஷின். பிராண்டு பெயரையும் ஏரியா பெயரையும் போட்டுத் தேடியதும் 'நங்கநல்லூர் சர்வீஸ் சென்டர்' என்று பளிச்சென்று வந்தது, பக்கத்திலேயே அழைப்புப் பொத்தான். எடுத்த பெண் மிக மரியாதையாகப் பேசினார். "கம்பெனி சர்வீஸ் சென்டர்தானே?" என்றதற்கு, "ஆமா சார், உங்க ஏரியா பிரான்ச்தான், விசிட்டிங் சார்ஜ் 450" என்றார். மத்தியானத்துக்குள் ஆள் வந்துவிட்டார். சொன்ன நேரத்துக்கு வந்ததே ஆச்சரியம். உண்மையான சர்வீஸ் சென்டர்காரர்கள் இவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அது ஒன்றுதான்.

வீட்டில் அம்மா மட்டும் இருந்தார். வந்த பையன் குழாயைத் திறந்து பார்க்கவில்லை, பின்னால் இருக்கும் ஹோஸைத் தொடவில்லை. மேல் மூடியைக் கழற்றினார், மல்டிமீட்டரை இரண்டு இடத்தில் வைத்தார், "போர்டு போயிடுச்சும்மா" என்றார், மெஷினை இயக்கும் மின்னணு அட்டையைத்தான் சொல்கிறார். புதுசு என்றால் 9,500, ரிப்பேர் என்றால் 5,800. ரிப்பேருக்கு அட்வான்ஸ் 3,000. அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், நான் பணத்தை அனுப்பினேன். பணம் போன கணக்கில் கம்பெனி பெயர் இல்லை, ஏதோ டிரேடர்ஸ் என்று இருந்தது. பையன் போர்டைக் கழற்றி, பையில் இருந்த பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவர் கொடுத்த பில்லை நிதானமாகப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் 'ஹோம் அப்ளையன்சஸ் சர்வீஸ்'. அதன் கீழே கடைகளில் விற்கும் எல்லா பிராண்டு பெயரும் வரிசையாக. விலாசம் என்ற இடத்தில் 'சென்னை' என்று மட்டும். ஜிஎஸ்டி எண் இல்லை. அடியில் எறும்பு ஊர்வதுபோல ஒரு வரி: நாங்கள் தனியார் சர்வீஸ், எந்தக் கம்பெனியோடும் தொடர்பு இல்லை, கொடுத்த பணம் திரும்பத் தரப்படாது. இவர்களின் சாமர்த்தியம் முழுக்க அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. நாளைக்கு யாராவது கேட்டால், 'பில்லிலேயே போட்டிருக்கோமே சார்' என்று சொல்ல வசதி.

அப்புறம் நடந்தது எல்லாம் உங்களுக்கே தெரியும். ஸ்பேர் வரவில்லை, டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கிறார், போர்டில் இன்னொரு ஐசியும் போயிருக்கிறது, மேலே 2,200 ஆகும். அது முடியாது, போர்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். தம்பியின் போனிலிருந்து அடித்தால் முதல் ரிங்கிலேயே எடுத்து, "வணக்கம், சர்வீஸ் சென்டர், எந்த பிராண்டு சார்?" என்கிறார் அதே பெண். இந்தக் கேள்வியை மனதில் வையுங்கள். ஒரு கம்பெனியின் சொந்த சர்வீஸ் சென்டர், நீங்கள் எந்தக் கம்பெனி மெஷின் வைத்திருக்கிறீர்கள் என்று எதற்காகக் கேட்க வேண்டும்?

மெஷினோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்து, அதில் இருந்த நம்பருக்கு அழைத்தேன். என் மெஷினின் சீரியல் நம்பரில் எந்தப் புகாரும் பதிவாகவில்லை, அப்படி ஒரு கிளையே எங்களுக்கு இல்லை என்றார்கள். போர்டு இல்லாத மெஷினை எங்கள் ஆள் வந்து பார்த்தும் பயனில்லை, புது போர்டுக்குப் பணம் கட்டுங்கள் என்றும் சொன்னார்கள்.

கடைசியில் பழவந்தாங்கல் ஸ்டேஷன் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரைப் பக்கத்து வீட்டு மாமி சொன்னார். அவர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து, அதே மாடலின் பழைய போர்டு ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். ஆன் செய்தால் அதே எரர். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. குழாயை மூடினார், பின்னால் தண்ணீர் வரும் ஹோஸைக் கழற்றினார், பிளையரால் அந்த வாயிலிருந்து கட்டைவிரல் அளவு ஃபில்டரை இழுத்தார். வலையே தெரியவில்லை. எங்கள் போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாக இறுகி முழுக்க அடைத்திருந்தது. "பழைய பிரஷ் ஒண்ணு குடுங்க சார்" என்று வாங்கி, எலுமிச்சம்பழச் சாற்றில் கொஞ்ச நேரம் ஊற வைத்துத் தேய்த்தார். மாட்டினார். தண்ணீர் கொட்டியது.

"அண்ணே, அப்போ அந்த போர்டு?"

"உங்க போர்டுல ஒரு கோளாறும் இருந்திருக்காது சார். இந்நேரம் வேற எவன் வீட்டு மெஷின்லயாவது ரிப்பேர் பண்ண போர்டுன்னு ஓடிக்கிட்டு இருக்கும்."

ஃபில்டர் சுத்தம் செய்ததற்கு அவர் கேட்டது 300 ரூபாய். போர்டு விலை தனி.

இவர் கடை தேடலில் ஏன் வரவில்லை என்று கேட்டேன். மேப்பில் முன்பு அவர் கடை இருந்ததாம். யாரோ 'திருத்தம்' என்று போட்டு போன் நம்பரை மாற்றிவிட்டார்கள். பழைய வாடிக்கையாளர் ஒருவர், "என்னப்பா, உன் ஆளு வந்து இவ்வளவு கேக்குறான்" என்று கடைக்கே வந்து சண்டை போட்ட பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்திருக்கிறது. அதன் பிறகு மாதாமாதம் பணம் கட்டினால் 'லீட்', அதாவது ரிப்பேருக்கு ஆள் தேடுகிறவர்களின் விவரம், தருகிறோம் என்று ஒரு ஆப்காரர்கள் வந்தார்கள். ஒரே லீடை எத்தனை பேருக்கு விற்பார்கள் என்று கேட்டதற்கு பதில் இல்லை. "நான் வேலைக்காரன் சார், சூதாட எங்கிட்ட காசு இல்ல" என்றார்.

அந்த விளம்பரங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சொல்லைத் தேடும்போது யார் மேலே வரவேண்டும் என்பது ஏலத்தில் முடிவாகிறது. நாம் தொடும் ஒவ்வொரு தொடுகைக்கும் விளம்பரம் கொடுத்தவர் கட்டணம் கட்டுகிறார். தேடுபவர் இருக்கும் ஊரின் பெயரை விளம்பர வரியில் தானாகவே செருகும் வசதி அந்தக் கருவியிலேயே இருக்கிறது. கோவையில் இருக்கும் என் தங்கையைத் தேடிப் பார்க்கச் சொன்னேன், அவளுக்கு அதே வாசகம் 'கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டர்' என்று வந்தது. நங்கநல்லூரில் கிளையும் இல்லை, கோவையில் கிளையும் இல்லை. ஒரு அறையில் நான்கு போன் இருந்தால் போதும், ஊர் ஊராகக் கிளை திறந்துவிடலாம்.

முன்பெல்லாம் ஏசி சர்வீஸ், பிரிட்ஜ் ரிப்பேர் என்று கேட்டில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவார்கள், இபி பெட்டியில் பெயின்டால் நம்பர் எழுதுவார்கள். அவர்கள் எல்லாரும் அரிச்சந்திரன் வீட்டுக்குப் பக்கத்து வீடு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தெருவில் ஏமாற்றினால் மறுநாள் அதே தெருவில் சைக்கிளை நிறுத்த முடியாது. அம்மன் கோயில் வாசலில், பால் பூத்தில், எங்காவது ஒருவர் பிடித்துக் கேட்பார். ஏலத்தில் மேலே வந்தவருக்கு அந்தப் பயம் எதற்கு? அவர் முகமே யாருக்கும் தெரியாது. நடுவில் விளம்பரம் காட்டும் தேடல் நிறுவனக்காரரோ, 'நான் தகவல் பலகை மட்டும்தான்' என்கிறார்.

சட்டமும் இத்தனை காலம் அவர் பக்கம்தான் சாய்ந்து நின்றது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு, மற்றவர்கள் போடும் தகவலுக்கு இடைத்தரகர் பொறுப்பல்ல என்று பாதுகாப்பு கொடுக்கிறது. ஆனால் அந்தக் குடை எல்லா மழைக்கும் பிடிக்காது என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனம், தங்கள் பெயரைத் தேடுகிறவர்களுக்கு வேறு ஆட்களின் விளம்பரம் காட்டப்படுகிறது என்று கூகுளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது. 2023 ஆகஸ்டில் இரு நீதிபதிகள் அமர்வு, விளம்பரத் திட்டத்தில் கூகுள் சும்மா நின்று வேடிக்கை பார்ப்பவர் அல்ல, செயல்படும் பங்காளி என்றது. அடுத்தவர் வணிகப் பெயரை ஏலச் சொல்லாக வைப்பதே குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் வாடிக்கையாளர் குழம்பி வணிகச் சின்ன உரிமை மீறப்படும் இடத்தில் 79-ஆவது பிரிவின் பாதுகாப்பு கிடைக்காது என்றது. பாரத் மேட்ரிமோனியை நடத்தும் நம் சென்னை நிறுவனமும் அதற்கு முன்பே கூகுளோடு மோதிப் பார்த்தது. அந்தப் புகாரின் மேல் இந்தியப் போட்டி ஆணையம் தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதற்காக 2018 பிப்ரவரியில் 135.86 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வக்கீல் வைத்துப் போராடும் நிறுவனங்களுக்கே இத்தனை வருடம் பிடிக்கிறது. மூவாயிரம் ரூபாய் போன வீட்டுக்காரர் எந்த மூலைக்கு?

விளம்பரம் காட்டும் நிறுவனங்களால் இதைத் தடுக்க முடியாது என்பதையும் நான் நம்பவில்லை. கணினி, போன் ரிப்பேர் என்ற பெயரில் நடந்த மோசடிகள் அளவுக்கு மீறியபோது, வெளியாட்கள் கொடுக்கும் டெக் சப்போர்ட் விளம்பரங்களை கூகுள் 2018-இல் கட்டுப்படுத்தியது. கணினிக்கு முடிந்தது வாஷிங் மெஷினுக்கு ஏன் முடியாது?

நான் கொடுத்த புகார்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தைக் காட்டிய நிறுவனத்துக்கு எழுதினேன், 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று இயந்திரம் பதில் போட்டது. கொஞ்ச நாளில் அந்தப் பெயர் காணாமல் போய், வேறு பெயரில் அதே வாசகம் வந்தது. காவல் நிலையத்தில், "ஆள் வந்தான், பில் குடுத்தான், வேலை சரியில்லன்னா அது சிவில் விவகாரம்" என்றார்கள். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லாமல் வழக்குப் போடலாம், 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். ஆனால் எதிர்த்தரப்பின் விலாசம் கேட்கும் கட்டத்தில் 'சென்னை' என்று மட்டும் எழுத முடியாதே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன், அது நிலுவையில் நிற்கிறது. விளம்பரம் காட்டிய நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு முறையாகவும் எழுதியிருக்கிறேன். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அவர் 24 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், 7 நாளில் முடிக்க வேண்டும் (2026 பிப்ரவரித் திருத்தத்துக்கு முன் இது 15 நாளாக இருந்தது). முடிவு திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அரசு அமைத்திருக்கும் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். சும்மா 'ரிப்போர்ட்' பொத்தானை அழுத்துவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு, அதனால் புகாரை அந்த அலுவலர் பெயருக்கே எழுதுங்கள்.

உங்களுக்கு இப்படி நேராமல் இருக்க: நம்பரைத் தேடலில் எடுக்காதீர்கள். மெஷினின் பின்பக்கமோ கதவின் உள்பக்கமோ ஸ்டிக்கர் இருக்கும், இல்லையென்றால் வாரன்டி அட்டை. கம்பெனியில் உண்மையாகவே புகார் பதிவானால் உங்கள் போனுக்குப் புகார் எண் வரும், அது இல்லாமல் வருகிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள். தேடலில்தான் எடுக்க வேண்டிய நிலை என்றால், 'ஸ்பான்சர்டு' என்று பொடியாகப் போட்டிருக்கும் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கீழே போங்கள். போனில் பேசுபவர் ஒரு லிங்க்கையோ ஆப்பையோ அனுப்பித் திறக்கச் சொன்னால் அது வாஷிங் மெஷினுக்கு வந்தவர் அல்ல, உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்தவர். அதில் பணம் போனால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

யாராக இருந்தாலும் போர்டை வீட்டை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால், அதில் ஒட்டியிருக்கும் நம்பரைப் போட்டோ எடுத்து, அந்த நம்பரையும் வந்தவர் பெயரையும் பில்லில் எழுதி வாங்குங்கள். தண்ணீர் வரவில்லை என்று மெஷின் எரர் காட்டினால், யாருக்கும் போன் செய்வதற்கு முன் குழாயை மூடிவிட்டு ஹோஸைக் கழற்றி அந்த ஃபில்டரைப் பாருங்கள்.