கபடி ஆடும் பிள்ளைக்கு அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் மார்க் எடுத்த பிள்ளைகளைத் தேடிப் பள்ளிக்கூடங்கள் வருவது ஊருக்கே தெரியும். கபடியும் வாலிபாலும் ஆடுகிற பிள்ளைகளைத் தேடி வருவது அந்தந்த வீட்டுக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். மகள் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்தாள், கபடியில் ரெய்டர், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவள். பதினொன்றாம் வகுப்புக்கு ஃபீஸ் இல்லாத சீட், ஹாஸ்டல், ஷூ, டிராக் சூட் எல்லாம் தருவதாக ஒரு தனியார் பள்ளி சொன்னது. நாலு பேரிடம் விசாரித்து, கடைசியில் இருந்த பள்ளியிலேயே விட்டோம். இன்று அதே கேள்வியோடு இருக்கிற பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நான் அரசுப் பள்ளிப் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பார்த்ததுமே தெரிகிற வித்தியாசங்களை நீட்ட வேண்டாம். தனியாரில் ஃபீஸ் உண்டு, அரசில் இல்லை. தனியாரில் வேன் வரும். நம் பிள்ளைகள் பஸ் பாஸை வைத்துக்கொண்டு பிராக்டிஸ் முடிந்து கடைசி டவுன் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். தனியார் என்றாலே பெரிய மைதானம் என்று நினைக்கவும் கூடாது. கார் நிறுத்தும் இடத்தில் பி.டி. பீரியட் நடத்துகிற மெட்ரிக் பள்ளிகள் நம் பக்கம் நிறையவே உண்டு. அரசுப் பள்ளியில் மைதானம் இருக்கும், பி.டி. ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும். உங்கள் பள்ளியில் அந்த நாற்காலி காலி என்றால், நான் இனிச் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. எங்கள் பள்ளியில் நல்ல டீச்சர் ஒருவர் இருந்தார். அது எங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி.

போட்டியில் என்ன நிலைமை? குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகிற பள்ளி விளையாட்டில் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்றுதான் பிரிவு. அரசு, உதவிபெறும் பள்ளி, மெட்ரிக் என்ற பிரிவு கிடையாது. பாரதியார் தினம், குடியரசு தினம் பேரில் நடக்கும் போட்டிகளில் எல்லாரும் ஒரே டிராவில்தான் வருவார்கள். (நெல்லை ம.தி.தா. இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த பாரதியார் பேரில் நடக்கிற போட்டி என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.) சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு மட்டும் கிளஸ்டர் போட்டி, அதிலிருந்து தேசியம் என்று தனியாக ஒரு வழியும் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த வாசல் இல்லை.

விதி எல்லாருக்கும் ஒன்றுதான், வந்து சேரும் வழிதான் வேறு. கபடியில் அது காலில் தெரியும். நம் பிள்ளைகள் மண்ணில் ஆடி வளர்ந்தவர்கள். மேலே போகப் போக ஆட்டம் ‘மேட்’ என்கிற விரிப்பின் மேல் நடக்கும். மண்ணில் வெறுங்காலோடு வேகமாகத் திரும்புகிற பிள்ளை, மேட்டில் ஷூ போட்டு முதல் ரெய்டு போகும்போது கால் பிடிக்காமல் தடுமாறுவாள். மேட் வாங்கிப் போட்டிருக்கிற தனியார் பள்ளியில் அவள் வயதுப் பிள்ளை தினமும் அதில் ஆடிப் பழகியிருப்பாள். சாப்பாட்டிலும் இடைவெளி உண்டு. சத்துணவும் முட்டையும் பத்தாம் வகுப்பு வரைதான். பதினொன்றிலும் பன்னிரண்டிலும், உடம்பு கேட்கிற வயதில், வீட்டுச் சாப்பாடுதான் கதி. ஹாஸ்டலில் வைத்து மூன்று வேளையும் பார்த்துப் போடுகிற பள்ளியோடு இதில் நாம் போட்டி போட முடியாது. கிராம ஊராட்சிகளுக்கு 2024 முதல் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வந்தது நல்ல காரியம். 33 வகைப் பொருள் கொடுத்தார்கள். ஆனால் மேட் இல்லாத குறையை அது தீர்த்துவிடாது.

இவ்வளவு இருந்தும் தனியாரின் பெரிய பலம் மேட்டோ சாப்பாடோ இல்லை என்றுதான் சொல்வேன். ஆளைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிக்கொண்டு போக முடிகிறதே, அதுதான் பலம். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளை அரசுப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஹாஸ்டல் தருகிறேன், ஷூ தருகிறேன் என்று எந்தத் தலைமையாசிரியராலும் வீடு தேடிப் போய்ச் சொல்ல முடியாது. ஆறாம் வகுப்பில் கோட்டைத் தாண்டவே பயந்த பிள்ளைக்குப் போனஸ் லைன் தொடவும், கையைப் பிடித்தால் இழுத்துக்கொண்டு வரவும் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் நாலைந்து வருஷம் சொல்லிக்கொடுப்பார். பதினொன்றில் அந்தப் பிள்ளை வேறு பள்ளிச் சட்டையில் ஆடுவாள். ஜெயித்த பேர் அந்தப் பள்ளிக்குப் போகும். 2014ல் புரோ கபடி வந்து டிவியில் ஆட்டம் காட்ட ஆரம்பித்த பிறகு இந்த இழுப்பு கூடியிருக்கிறது என்பது நான் பார்த்தது.

இதில் யாரும் பேசாத பக்கம் ஒன்று இருக்கிறது. கபடி ஏழு பேர் ஆட்டம். நல்ல ரெய்டர் ஒருத்தி போனால் மிச்சம் இருக்கிறவர்கள் மாவட்டத்தோடு நின்றுவிடுவார்கள். மாநிலப் போட்டிக்குப் போன சான்றிதழ் அவர்கள் யாருக்கும் கிடைக்காது. போனவளுக்குக் கிடைக்கிற சீட்டின் விலையில் ஒரு பங்கை, ஷூகூட வாங்க முடியாத அவள் தோழிகள் கொடுக்கிறார்கள். மணத்தி மாதிரிச் சின்ன ஊரிலிருந்து போன கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் ஆடினார். அப்படி ஒருவர் வெளியே வர, ஊரில் கூட ஆடுகிற பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேரைக் கலைத்துவிட்டு ஒருத்தரை மட்டும் வளர்க்க முடியாது.

சரி, ஊர் நியாயம் ஒரு பக்கம். பெற்றவனுக்குத் தன் பிள்ளை முக்கியம். எங்களைத் தேடி வந்த கோச் நல்ல மனிதர்தான். “அண்ணாச்சி, பிள்ளைக்குத் தெறம இருக்கு. இந்த மண்ணுல உருண்டுக்கிட்டுக் கெடந்தா மேல வர முடியாது. ஒத்த ரூவா கட்ட வேண்டாம், எங்ககிட்ட விடுங்க” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பள்ளியில் பி.டி. டீச்சரிடம் போய்ச் சொன்னேன். “போனா சந்தோசமாப் போகட்டும் அண்ணாச்சி, நான் தடுக்க மாட்டேன். ஆனா என்னத்த விட்டுட்டுப் போறான்னு ஒரு தடவ கணக்குப் பாத்துக்கிடுங்க” என்றார். அந்தக் கணக்குதான் எங்கள் முடிவை மாற்றியது.

7.5 சதவீத இட ஒதுக்கீடு என்று எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். 2020ல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. 2021ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு பொறுப்பு. ஆனால் நிபந்தனை கறாரானது: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டு வரை தனியாரில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. மற்றபடி பத்து வரை அரசுப் பள்ளி, கடைசி இரண்டு வருஷம் தனியார் என்றால் உரிமை முழுதாகப் போய்விடும். அதற்கு முன் படித்த ஐந்து வருஷம் எந்தக் கணக்கிலும் வராது. கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டமும் அவ்வாறே. தனியார் சுயநிதிப் பள்ளிக்கு மாறிய பிள்ளைக்கு அது இல்லை.

‘அதுதான் ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம். அரசு வேலையில் 3 சதவீதம். ஆனால் அது மாநிலம் முழுக்க எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. தேசிய அளவில் ஆடினவர்களும் மெடல் வாங்கினவர்களும் முன்வரிசையில் நிற்பார்கள். மாவட்டத்தில் ஜெயித்த சான்றிதழ் அங்கே பின்வரிசைதான். ஆடுகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் மாவட்டத்திலோ மாநிலத்தின் முதல் சுற்றிலோதான் நிற்பார்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பெற்றவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் முடிவு எடுக்க வேண்டும்.

முழங்கால் விஷயமும் இருக்கிறது. கபடியில் லிகமென்ட் அறுவது அபூர்வம் இல்லை. ரெய்டு போன இடத்தில் கால் ஊன்றித் திரும்பும்போது மேலே நாலு பேர் விழுவார்கள். இலவச சீட்டில் போன பிள்ளைக்கு பதினொன்றில் கால் போனால் பன்னிரண்டாம் வகுப்பு ஃபீஸை யார் கட்டுவது? எங்களுக்கு வந்த வாக்குறுதி வாய்ப்பேச்சாகத்தான் இருந்தது. எழுதித் தர முடியுமா என்று கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை. அரசுப் பள்ளியில் கால் போனால் ஆட்டம்தான் போகும். பள்ளியும் 7.5ம் புதுமைப்பெண்ணும் அப்படியே இருக்கும். ஆடினாலும் ஆடாவிட்டாலும் பிள்ளையிடம் மிஞ்சுவது எது என்று பார்த்தால், எங்களைப் போன்ற குடும்பத்துக்கு இதுதான் முடிவு.

மார்க் விஷயத்தில் மறுபக்கமும் சொல்ல வேண்டும். 7.5 இருந்தாலும் கட்-ஆஃப் வேண்டும். நீட் வேண்டிய படிப்புக்கு நீட் வேண்டும். படிப்பில் பிள்ளையை விடாமல் பிடித்து உட்காரவைக்கிற வேலையைச் சில தனியார் பள்ளிகள் நன்றாகவே செய்கின்றன. ஆனால் அதே பள்ளிகளில் பலவற்றில் பொதுத்தேர்வு வருஷம் வந்தால் பிராக்டிஸைத்தான் முதலில் நிறுத்துவார்கள். ஃபீஸ் கட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அங்கே மைதானமே மூடிக்கொள்ளும். இலவசமாகப் போன பிள்ளைக்கு மட்டும் நேர்மாறாக, ஆட்டம்தான் முழுநேர வேலை. இரண்டுமே பிள்ளைக்கு நல்லது இல்லை.

அரசு உதவிபெறும் பள்ளிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் அவை இல்லாமல் விளையாட்டுப் பேச்சே இல்லை. சேவியர், ஜான்ஸ் மாதிரிப் பழைய பள்ளிகளுக்குத் தலைமுறை தலைமுறையாக விளையாட்டுப் பழக்கம் உண்டு. மைதானம் உண்டு, ஃபீஸ் சுமை குறைவு, வ.உ.சி. மைதானமும் அண்ணா விளையாட்டரங்கமும் பக்கத்திலேயே. விளையாட்டை மட்டும் பார்த்தால் நான் முதலில் கைகாட்டுவது இவற்றைத்தான். புதுமைப்பெண் திட்டமும் 2024-25லிருந்து உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு வந்துவிட்டது. 7.5 மட்டும் இல்லை. அதே தெருப் பிள்ளைகள், அதே வருமானம், ஒரே குறுவட்டத்தில் ஆடுகிறார்கள். பள்ளி வாசல் பலகையைப் பார்த்து உரிமை மாறுவது நியாயமாகப் படவில்லை.

அமெரிக்காவிலும் உயர்நிலைப் பள்ளி விளையாட்டில் இதே வழக்கு நெடுங்காலமாக நடக்கிறது. அங்கே பொதுப்பள்ளி பெரும்பாலும் தன் வட்டாரத்துப் பிள்ளைகளை மட்டும் சேர்க்கும். தனியார் எங்கிருந்தும் சேர்க்கும். அதனால், மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பிரிவு போடுகிற இல்லினாய் மாநிலத்தில் தனியார் பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையை 1.65ஆல் பெருக்கி, பெரிய பள்ளிகளோடு மோதும்படி வைத்தார்கள். டெக்சாஸில் பொதுப்பள்ளிப் போட்டி தனி, ஓரிரண்டு தனியார் பள்ளிக்குத்தான் இடம். பெருக்கல் நமக்கு உதவாது. இருநூறு பேர் பள்ளியும் மூவாயிரம் பேர் பள்ளியும் இங்கே ஒரே டிராவில்தான் இருக்கின்றன. தனித்தனியாகப் பிரிப்பதும் எனக்குச் சம்மதம் இல்லை. நல்ல தனியார் அணியோடு மோதாமல் நம் பிள்ளைகளின் ஆட்டம் வளராது.

நான் கேட்பது சின்ன விதி. பன்னிரண்டு பேர் அணியில், அந்த வருஷம் பள்ளி மாறி வந்தவர்கள் இரண்டு பேருக்கு மேல் கூடாது. மாறின பிள்ளையை ஒரு வருஷம் உட்காரவைப்பது அமெரிக்காவில் பல இடங்களில் உள்ள வழக்கம். இங்கே மேல்நிலையில் இருப்பதே இரண்டு வருஷம் என்பதால் அது பிள்ளைக்குத் தண்டனையாகிவிடும். பத்தோடு முடிகிற உயர்நிலைப் பள்ளியிலிருந்து வருகிறவர்களுக்கு விலக்கு வேண்டும். அவர்களுக்கு மாறுவதைத் தவிர வழியில்லை.

நான் சொன்னது கபடியை வைத்து, அதிலும் பெண் பிள்ளையை வைத்து. வாலிபால், கோ-கோ, ஓட்டம் இவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். நீச்சல், டென்னிஸ், துப்பாக்கி சுடுதல் என்றால் செலவே வேறு. அங்கே தனியார் இல்லாமல் முடியாது. ஹாக்கி ஆடுகிற பையன் என்றால் இரண்டு பக்கமும் பார்க்காமல் கோவில்பட்டிக்குப் போய் விசாரியுங்கள். செயற்கைப் புல்வெளி மைதானமும் அரசு விளையாட்டு விடுதியும் அங்கேயே இருக்கின்றன. பெண் பிள்ளைகளுக்கான விடுதிகள் பெரம்பலூர், ஈரோடு என்று தள்ளி இருக்கின்றன. தூரத்தை நினைத்து நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. அங்கே சேர்த்தவர்களிடம் கேட்டுக்கொள்வதே நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் தனியார் இலவச சீட்டுக்குத்தான் போகிறீர்கள் என்றால், டி.சி. வாங்குவதற்கு முன் மூன்று விஷயத்தைப் பள்ளித் தாளில் கையெழுத்தோடு வாங்குங்கள். அடிபட்டு ஆட முடியாமல் போனாலும் பன்னிரண்டு முடிகிற வரை ஃபீஸும் ஹாஸ்டலும் உண்டா, வைத்தியச் செலவு யாருடையது, பிள்ளை எடுக்கிற குரூப்பை அவளே தேர்ந்தெடுக்கலாமா. கோச் சொல்வது போதாது. கரஸ்பாண்டென்ட் கையெழுத்து வேண்டும்.