உணர்வு இசைவா, ஒட்டவைத்த சிரிப்பா?

காசிமேட்டில் நான் மீன் வாங்கும் அக்காவுக்குக் கோபம் என்றால் அது முகத்திலேயே தெரியும். "இன்னிக்கு மனசே சரியில்ல கண்ணு, பேரம் பேசாத" என்று சொல்லிவிட்டுத்தான் வஞ்சிரத்தை நறுக்குவார். உள்ளே இருப்பதும் வெளியே தெரிவதும் ஒன்று. உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் இதை இசைவு என்றார். உளவியல் சிகிச்சை பலன் தர 1957-இல் அவர் சொன்ன ஆறு நிபந்தனைகளில், சிகிச்சையாளரிடம் இந்த இசைவு இருப்பதும் ஒன்று.

அதற்காக வாய்க்கு வந்ததைக் கொட்டுவது இசைவாகிவிடாது. தன் கோபத்தை முதலில் தானே உணர வேண்டும். அதை வெளியே சொல்வதா வேண்டாமா என்பது அப்புறம்.

சரி, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடுக்கு வாருங்கள். ஐம்பதாவது புடவையை விரிக்கும் பையனுக்குக் கால் கடுக்கிறது, முகத்தில் மட்டும் சிரிப்பு. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1983-இல் இதை மேலோட்ட நடிப்பு என்றார். சம்பளத்துக்குச் சிரிப்பதும் உழைப்புதான் என்பது அவர் வாதம். அமுக்கிய உணர்வு முகத்தில் மறைந்தாலும் உடம்பு அதைச் சுமக்கிறது.

எனக்குப் பிடித்தது அக்காவின் வழிதான். ஆனால் அக்கா தன் கடைக்குத் தானே முதலாளி. பையன் அப்படிப் பேசினால் மறுநாள் வேலை இருக்குமா?