ஃபோர்க் உறை: சைக்கிள் டியூபா, ரெக்சினா, பழைய லேப்டாப் பையா?

மழை விட்ட மறுநாள் செம்மண் சாலையில் போய் வந்த பைக்கின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை உற்றுப் பாருங்கள். குரோம் பைப், கீழே இருக்கும் தடித்த குழாயான பாட்டத்துக்குள் இறங்கும் இடத்தில் சேறு வளையமாகக் காய்ந்திருக்கும். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் அது உப்புத்தாள் மாதிரி, தூசியைத் தடுக்கும் ரப்பர் வளையமான டஸ்ட் சீலைத் தேய்க்கும். அந்த சீல் போனால் அடுத்தது, ஃபோர்க்குக்குள் இருக்கும் ஆயிலை அடைத்து வைக்கும் ஆயில் சீல். என் வண்டியில் ஒரு பக்கம் அப்படி ஒழுகி, ஆயில் டிஸ்க்கில் இறங்கி, பிரேக் பேடையும் சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், பஜாஜ் சிடி 110 போன்றவற்றில் இதைத் தடுக்க மடிப்பு வைத்த ரப்பர் உறை கம்பெனியிலேயே வந்தது. மற்ற வண்டிக்காரர்கள் வீட்டில் செய்துகொள்ளலாம். மூன்று வழிகளையும் நான் போட்டுப் பார்த்துவிட்டேன்.

சைக்கிள் டியூப்தான் எல்லாவற்றிலும் மலிவு. பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். ஆனால் வெட்டாமல் முழுக்குழாயாக மாட்ட வேண்டுமென்றால் வீல், மட்கார்டு எல்லாம் கழற்றி ஃபோர்க்கையே கீழே இறக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, ரப்பருக்குள் புகுந்த ஈரம் வெளியே போகாது. உள்ளே குரோம் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிப்பது கழற்றும்வரை தெரியாது.

ரெக்சின் உறையை சீட் கவர் தைப்பவரிடம் கொடுத்தால் தைத்துத் தருவார். பைப் முழுவதையும் மூடுவதால் முன்னால் போகும் லாரி தெறிக்கும் கல் குரோமில் படாது. ஜல்லி ரோட்டில் தினமும் ஓட்டுபவருக்கு இதுதான் சரி. பஞ்சு ஒட்டிய ரெக்சின் மட்டும் வேண்டாம், தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். தளர்வாக இருந்தால் பிரேக் ஹோஸில் சிக்கும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

என் வண்டியில் இப்போது இருப்பது லேப்டாப் பை. ஸ்பாஞ்ச் போல இழுபடும் நியோப்ரீன் பை இருக்கிறதே, அதுதான். மருந்துக் கடையில் விற்கும் நியோப்ரீன் முட்டிப் பட்டையும் ஆகும். பைப்பின் விட்டம் 30 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 94 மி.மீ.; வெல்க்ரோ ஒன்றன்மேல் ஒன்று ஏற 3 செ.மீ. கூடுதலாக விடுங்கள். பாட்டம் இன்னும் தடிமன் என்பதால் துண்டின் கீழ் விளிம்பை அதற்கேற்ப அகலமாக வெட்ட வேண்டும். வழவழப்பான துணிப் பக்கம் உள்ளே, இணைப்பு பின்பக்கம். எதையும் கழற்றாமல் ஐந்து நிமிடத்தில் சுற்றிவிடலாம்.

உயரம்தான் பலரும் தவறவிடும் இடம். பைப்பில் ஒரு கேபிள் டையைப் பாட்டத்தை ஒட்டி லேசாகக் கட்டிவிட்டு, உங்கள் ஊரின் மோசமான ரோட்டில் ஒரு சுற்று போய் வாருங்கள். டை ஏறி நிற்கும் இடம்தான் ஃபோர்க் அமுங்கிய அளவு. அதற்கு மேலே, ஃபோர்க்கைக் கவ்வும் ‘டி’ என்ற பாகம் வரை மிச்சமிருக்கும் இடத்தைவிட, பாட்டத்துக்கு மேல் நீளும் உறை குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய பள்ளத்தில் நசுங்கிக் கிழியும். எனக்கு மொத்தம் 12 செ.மீ. போதுமாக இருந்தது: பாதி பாட்டத்தில், பாதி பைப்பில்.

இந்த உறை பைப்பின் மேல் பகுதியை மூடாது, கல்லடி விழத்தான் செய்யும். நுண்ணிய மண்ணும் மெல்ல உள்ளே போகும். ஆனால் மாதம் ஒருமுறை வெல்க்ரோவைப் பிரித்து, கழுவிக் காயவைத்து மாட்டலாம். பிரிக்கும்போதே ஆயில் கசிகிறதா என்று கண்ணில் பட்டுவிடும். எனக்கு இதற்காகவே இது பிடித்தது.

சிலர் பழைய காலுறையை மாட்டுகிறார்கள். பருத்தி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், வேண்டாம்.

எதை மாட்டுவதானாலும் முதலில் பைப்பின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே துரு குழி விழுந்திருக்கிறது. அதை மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்யாமல் உறை போட்டால், உள்ளுக்குள்ளேயே சீல் கிழிந்துகொண்டிருக்கும்.