அடி வாங்கி அடிப்பதா, அடி படாமல் ஜெயிப்பதா? குத்துச்சண்டையின் நான்கு பாணிகள்

2005 ஜூன் 25. அட்லாண்டிக் சிட்டியின் போர்டுவாக் ஹால். அரங்கத்தில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் ஆர்த்துரோ காட்டிக்காக வந்தவர்கள். எதிர் மூலையில் ஃபிளாய்ட் மேவெதர். முதல் ரவுண்டில் ஏதோ முறையிட வேண்டும் என்று ஆர்த்துரோ நடுவர் பக்கம் முகத்தைத் திருப்பினார். அந்த ஒரு கணத்தில் மேவெதரின் இடது ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து, வந்து விழுந்தது, ஆர்த்துரோ தரையில் இருந்தார். அப்புறம் வந்த ரவுண்டுகளிலும் அதே கதைதான். ஆறாவது முடிந்து மூலைக்கு வந்த ஆர்த்துரோவை அவருடைய பயிற்சியாளர் பட்டி மெக்கர்ட் மறுபடி அனுப்பவில்லை.

அவ்வளவு ஒருதலையான சண்டை அது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய சண்டை ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றினால், என் கை பல தடவை ஆர்த்துரோவின் சண்டையைத்தான் தேடிப் போகிறது. எனக்கு மட்டும் அப்படி இல்லை, நான் பேசிப் பார்த்த ரசிகர்களில் பலருக்கும் அப்படித்தான்.

இந்த விஷயத்தில் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பது வழக்கம். ஒரு கட்சிக்கு ரத்தமும் நாக் அவுட்டும் வேண்டும். இன்னொரு கட்சி, அடி படாமல் இருப்பதுதான் கலை, புரியாதவனுக்குத்தான் அது சலிப்பு என்று சொல்லும். நான் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். தாக்குபவர், தற்காப்பவர் என்று பிரித்தால் முக்கியமான ஒன்று கண்ணில் படாமல் போய்விடுகிறது. அது தூரம். எதிராளியின் கை எட்டும் இடத்தில் நிற்கிறாரா, நின்றால் அங்கே என்ன செய்கிறார்? அதை வைத்துப் பார்த்தால் குறைந்தது நான்கு பாணிகள் தெரிகின்றன.

ஆர்த்துரோ: கொடுக்கவும் வாங்கவும் தயார்

மிக்கி வார்டுடன் அவர் போட்ட மூன்று சண்டைகள் இந்தப் பாணியின் உச்சம். முதல் சண்டை 2002 மே 18, கனெக்டிகட்டில். ஒன்பதாவது ரவுண்டு தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே வார்டின் இடது கை ஆர்த்துரோவின் விலாவுக்குக் கீழே, ஈரல் இருக்கும் இடத்தில் இறங்கியது. தலையில் பட்ட அடிக்கு மயக்கம் வரும். ஈரலில் பட்ட அடிக்குப் புத்தி தெளிவாக இருக்கும், உடம்பு மட்டும் பேச்சைக் கேட்காது. ஆர்த்துரோ முகம் கோணி மண்டியிட்டார். எழுந்தார். வார்ட் விடாமல் அடித்தார். முடிந்தது என்று நினைத்த நேரத்தில் ஆர்த்துரோ திருப்பி அடிக்க ஆரம்பித்தார், வார்ட் தடுமாறினார், பிறகு மறுபடி வார்டின் கை ஓங்கியது. இத்தனையும் மூன்றே நிமிடத்தில். பத்து ரவுண்டு முடிவில் வார்டுக்கு வெற்றி.

அதே ஆண்டு நவம்பரில் நடந்த இரண்டாவது சண்டையைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மெக்கர்ட் சொல்லிக் கொடுத்தபடி ஆர்த்துரோ அன்று தள்ளி நின்றார், முன் கையால் நேராக விடும் ஜாபை நீட்டினார், காலை நகர்த்தினார், தெளிவாக ஜெயித்தார். அதாவது தற்காப்போடு ஆடத் தெரியாதவர் இல்லை அவர். தெரிந்தும், முகத்தில் ஒன்று நன்றாக விழுந்துவிட்டால் ஆட்டத்திட்டத்தை மறந்து சண்டைக்குள் இறங்கிவிடுவார். 2003 ஜூனில் நடந்த மூன்றாவதில் வலது கை நடுவில் உடைந்தும் தொடர்ந்து ஆடி ஜெயித்தார்.

இவர் சண்டை என்றால் சலிக்கவே சலிக்காது. குத்துச்சண்டை பார்த்தே இராதவரை உட்கார வைத்துக் காட்டினாலும் இரண்டாவது ரவுண்டில் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். விலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மேவெதர்: கணக்கு தப்பாத ஆட்டம்

மேவெதரின் நிற்பே தனி. இடது கை வயிற்றுக்குக் குறுக்காகத் தாழ்ந்திருக்கும். இடது தோள் உயர்ந்து தாடையை மூடும். வலது கை கன்னத்தோரம். எதிராளி வலது கையை வீசினால் தோளைச் சுழற்றுவார், குத்து தோளில் பட்டு வழுக்கிப் போகும், அதே சுழற்சியிலேயே அவருடைய வலது கை திரும்பி வரும். ஒரே அசைவில் தடுப்பும் அடியும். இதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் எத்தனை கடினம் என்று தெரியும். ஒரு விரற்கடை தப்பினால் தாடை திறந்துவிடும்.

சின்ன வயதில் அவர் வேறு மாதிரி ஆடியவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2001 ஜனவரியில் அதுவரை தோற்காத டியேகோ கொராலஸை ஐந்து முறை வீழ்த்தினார். அப்புறம் கைகளில் ஓயாத காயங்கள், எடை ஏற ஏறப் பெரிய ஆட்கள். மெல்ல மெல்ல, தேவையான அளவு மட்டும் அடித்து மீதி நேரம் எதிராளிக்கு எதையும் கொடுக்காமல் இருப்பது என்று ஆட்டம் சுருங்கியது. 50 சண்டை, 50 வெற்றி, அதில் 27 நாக் அவுட்.

2015 மே 2 அன்று பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவுடன் அவர் மோதியதை அமெரிக்காவில் மட்டும் 46 லட்சம் தொலைக்காட்சி இணைப்புகள் காசு கட்டி வாங்கின. குத்துகளை எண்ணும் கம்ப்யூபாக்ஸ் கணக்குப்படி மேவெதர் 148 குத்துகளை இறக்கினார், பாக்கியாவ் 81. பன்னிரண்டு ரவுண்டில் 81 என்றால் ரவுண்டுக்கு ஏழு கூட இல்லை. அதுவும் யாருக்கு? வேகத்துக்கும் குத்துமழைக்கும் பேர்போன ஒருவருக்கு. மூன்று தீர்ப்பாளர்களும் மேவெதருக்கே கொடுத்தார்கள். திறமை என்று பார்த்தால் அசாத்தியம். ஆனால் நான் அன்று ஆறாவது ரவுண்டுக்கு மேல் முடிவு தெரிந்த கணக்கைப் பார்ப்பது போலத்தான் உட்கார்ந்திருந்தேன். ஆபத்து வரும் முன்பே அவர் அங்கிருந்து போய்விடுகிறார், அல்லது எதிராளியைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறார். குத்து வந்து தப்புவதைப் பார்த்தால் சிலிர்க்கும். குத்தே வராமல் செய்துவிட்டால் சிலிர்க்க என்ன இருக்கிறது?

கியூபாவின் கிலர்மோ ரிகாண்டோவுக்கும் இதே பிரச்சினைதான், இன்னும் மோசமாக. இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், 2013 ஏப்ரலில் நியூயார்க்கில் நொனிட்டோ டொனேரை அழகாக ஜெயித்தார். அவர் சண்டைகளை ஏற்பாடு செய்து விற்கும் புரமோட்டர் பாப் ஆரமே இவர் ஆட்டத்தை விற்க முடியவில்லை என்று வெளிப்படையாகப் பேசினார்.

விட்டேக்கரும் லோச்சேயும்: நெருப்புக்குப் பக்கத்தில் நின்று

இங்கேதான் என் மனசு இருக்கிறது.

அர்ஜென்டினாவின் நிகோலினோ லோச்சே 117 சண்டைகளில் ஜெயித்தவர். அதில் நாக் அவுட் 14 தான். தற்காப்பு விலை போகாது என்ற வாதம் உண்மையானால் இப்படிப்பட்டவரைப் பார்க்க ஈ காக்கை வந்திருக்கக் கூடாது. ஆனால் பியூனஸ் அயர்ஸின் லூனா பார்க் அரங்கம் அவருக்காக நிரம்பி வழிந்தது. 'தொட முடியாதவன்' என்று பேர் வைத்துக் கொண்டாடினார்கள். காரணம், அவர் ஓடவில்லை. கயிற்றில் சாய்ந்து, கைகளைத் தாழ்த்தி, முகத்தை நீட்டி நிற்பார். குத்து வரும், தலை அந்த இடத்தில் இருக்காது. அடுத்தது வரும், அதுவும் காற்றில். 1968 டிசம்பரில் டோக்கியோவில் பால் ஃபுஜியின் உலகப் பட்டத்துக்கு மோதினார். ஃபுஜி வீசி வீசிக் களைத்து, முகம் வீங்கி, பத்தாவது ரவுண்டுக்கு எழுந்து வரவே இல்லை.

பெர்னல் விட்டேக்கர் அதே குலத்தைச் சேர்ந்தவர். வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் வளர்ந்த இடதுகை ஆட்டக்காரர். 1984 ஒலிம்பிக் தங்கம், பிறகு நான்கு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம். தற்காப்பில் கரைகண்ட ஜார்ஜ் பென்டனிடம் படித்தவர். 1993 செப்டம்பர் 10 அன்று சான் ஆன்டோனியோவில் ஜூலியோ சீசர் சாவேஸுடன் மோதினார். சாவேஸ் அதுவரை 87 சண்டை ஆடி ஒன்றில்கூடத் தோற்காதவர். நெருங்கி வந்து விலாவைக் குலைப்பது அவர் தொழில். அவரிடமிருந்து எல்லாரும் விலகி ஓடுவார்கள். விட்டேக்கர் பல ரவுண்டுகளில் அந்த நெருக்கத்திலேயே நின்று, இடுப்பை வளைத்துக் குனிந்து, சாவேஸின் கைகளுக்கு உள்ளே இருந்தபடியே அடித்தார். தீர்ப்பு சமன் என்று வந்தது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் இன்றுவரை விட்டேக்கர் ஜெயித்த சண்டை என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன்.

இன்னொரு செய்தி. ஆர்த்துரோவுக்குத் தள்ளி நின்று ஆடக் கற்றுக்கொடுத்த பட்டி மெக்கர்ட், தன் ஆட்டக் காலத்தில் இதே விட்டேக்கரிடம் 1993லும் 1994லும் தோற்றவர்.

இந்தப் பாணிக்கும் குறை இருக்கிறது. எல்லாமே கண்ணின் வேகத்தில் நிற்கிறது. வயதானால் முதலில் போவது அதுதான். 1999இல் விட்டேக்கருக்கு 35 வயது. ஃபெலிக்ஸ் டிரினிடாடின் குத்தில் தாடை உடைந்தது. பன்னிரண்டு ரவுண்டும் நின்றார், ஆனால் பழைய விட்டேக்கரைக் காணோம். மேவெதரின் தற்காப்பு நிற்பிலும் தூரத்திலும் இருப்பதால் 38 வயதில் பாக்கியாவை அடக்க முடிந்தது. நீண்ட நாள் உழைப்பது எது என்று கேட்டால் மேவெதர் பாணி என்றுதான் சொல்ல வேண்டும்.

மார்க்கெஸ்: வர விட்டு அடிப்பது

மெக்சிகோவின் ஹுவான் மானுவல் மார்க்கெஸ் ஆரம்ப நாட்களில் ஜாக்கிரதையானவர், ரசிக்க ஆளில்லாதவர் என்று பேர் வாங்கியிருந்தார். எதிராளி அடிக்கக் காத்திருந்து, அவன் கை திரும்பும் முன் பதில் கொடுப்பவர். 2004 மே மாதம் பாக்கியாவ் முதல் ரவுண்டிலேயே அவரை மூன்று முறை தரையில் போட்டார். மூக்கில் ரத்தம் வழிய எழுந்தவர், பாக்கியாவின் இடது கை வரும் வழியைப் படித்து, மீதி ரவுண்டுகளில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பிடித்துச் சமன் செய்தார். 2012 டிசம்பர் 8, நான்காவது மோதல். மூன்றாவது ரவுண்டில் பாக்கியாவ் விழுந்தார், ஐந்தாவதில் மார்க்கெஸ் விழுந்தார். ஆறாவது முடிய ஒரு நொடி இருக்கும்போது பாக்கியாவ் பாய்ந்தார். மார்க்கெஸ் சின்னதாக ஒரு அடி உள்ளே வைத்து வலது கையைக் கொடுத்தார். பாக்கியாவ் குப்புற விழுந்து அசையவில்லை.

எட்டு ஆண்டு படித்த பாடத்துக்குக் கிடைத்த பலன் அந்த ஒரு குத்து. ஆனால் இது எதிராளியை நம்பிய பாணி. முன்னே வராதவனிடம் பலிக்காது. 2009இல் மோதியபோது மேவெதர் முன்னே வரவில்லை, மார்க்கெஸுக்குப் பன்னிரண்டு ரவுண்டும் வீணாயின.

இனி விலை. 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் மோதிய கொரியாவின் கிம் துக் கூ பதினான்காவது ரவுண்டில் விழுந்து, சில நாளில் உயிரை விட்டார். அதன் பிறகுதான் பட்டச் சண்டைகள் பதினைந்து ரவுண்டிலிருந்து பன்னிரண்டுக்குக் குறைந்தன. இருவரும் பின்வாங்காமல் ஆடிய சண்டை அது. மிக்கி வார்ட் தன் மூளையை, இறந்த பிறகு, அடிகளின் பாதிப்பை ஆராயும் மருத்துவர்களுக்குத் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த ஒன்பதாவது ரவுண்டை நாம் கைதட்டிப் பார்த்ததற்கு அவர் இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் வட்டி இது. இதை நினைத்த பிறகு, 'நின்று மோதாதவன் ஆம்பளையா' என்று யாராவது கத்தினால் எனக்குக் கோபம் வருகிறது.

அதனால் என் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கு வரும் பையனுக்கு மேவெதரைக் காட்டுவேன். தோளும் தூரமும் படிக்கட்டும், நாற்பது வயதில் தெளிவாகப் பேசட்டும். முன்னே வரும் எதிராளி அமைந்தால் மார்க்கெஸைவிடச் சிறந்த விருந்து கிடையாது. ஆர்த்துரோவை மனசார நேசிக்கிறேன், ஆனால் எந்தப் பிள்ளையையும் அப்படி ஆடு என்று சொல்ல மாட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே விட்டேக்கரை வைக்கிறேன், லோச்சேயையும். பரபரப்பையும் பாதுகாப்பையும் தராசின் இரு தட்டில் வைத்து நிறுக்க வேண்டிய தேவையே அவர்களிடம் இல்லை. அவர்களுடைய தற்காப்பே பரபரப்பு.

முதல் தடவை பார்க்கப் போகிறவர்கள் சாவேஸ் சண்டையில் தொடங்குங்கள். வர்ணனையை நிறுத்திவிடுங்கள். கைகளைப் பார்க்காமல் ஒரு ரவுண்டு முழுக்க விட்டேக்கரின் இடுப்பையும் முழங்காலையும் மட்டும் பாருங்கள். அடுத்த ரவுண்டில் சாவேஸின் முகத்தைப் பாருங்கள்.