சன்சத் டாட் இன்: நம் எம்.பி.யின் வேலையைப் பார்க்க உதவுமா?

மதுரை திருநகரில் குடியிருப்பவர் சன்சத் டாட் இன் என்ற நாடாளுமன்ற இணையதளத்தில் மதுரை எம்.பி.யின் பெயரைப் போட்டுத் தேடினால் முதல் படியிலேயே வழி தவறிவிடும். மதுரை மக்களவைத் தொகுதி என்பது மேலூர், மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு ஆகிய 6 சட்டமன்றத் தொகுதிகள் மட்டுமே. திருநகர் அடங்கிய திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகரோடு, உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனியோடு சேர்ந்தவை. எய்ம்ஸ் மருத்துவமனை வருகிற தோப்பூரும் விருதுநகர் தொகுதிதான்.

இந்த இணையதளத்தில் மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் தனித்தனிப் பக்கங்கள். எய்ம்ஸ் பற்றித் தேடுவோர் உறுப்பினர் பெயரை விட்டுவிட்டு, கேள்விகள் பகுதியில் சுகாதார அமைச்சகத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒரே பொருளில் பலர் கேட்டால் ஒரே பதிலில் சேர்த்துவிடுவார்கள். அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில்; ஆகவே 16, 17, 18 என மூன்று மக்களவைகளிலும் தேட வேண்டும். இரண்டு அவைகளையும் பாருங்கள்: தமிழ்நாட்டின் 18 மாநிலங்களவை உறுப்பினர்களுக்குத் தொகுதி எல்லை கிடையாது.

கேள்விகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் ஒருவரை எடை போடாதீர்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் எழுத்தில் மட்டும் பதில் வரும் 230 நட்சத்திரமில்லாக் கேள்விகளும்தான் பட்டியலில் ஏறும். யாருடையது ஏறும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. அமைச்சராக இருப்பவர் கேள்வி கேட்பதே இல்லை. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், அதன்மேல் துணைக் கேள்வியும் கேட்கலாம். உண்மையான மல்லுக்கட்டு அங்கேதான் நடக்கும். ஆனால் கேள்விகள் பகுதியில் எழுத்துப் பதில் மட்டும் இருக்கும். துணைக் கேள்விகளைப் படிக்க அதே நாளின் விவாதப் பதிவைத் திறக்க வேண்டும். இது தெரியாமல் பாதியோடு திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பெரிய குறை மொழி. பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பி.டி.எஃப்.களாக வருகின்றன. மேலூர் விவசாயி தன் கால்வாயைப் பற்றிய பதிலைப் படிக்க இன்னொருவரை நாட வேண்டியிருப்பது நியாயமே இல்லை. ஒரு மசோதாவுக்கு நம் எம்.பி. எப்படி வாக்களித்தார் என்பதும் பெரும்பாலும் கிடைக்காது. அது இணையதளத்தின் தவறல்ல. குரல் வாக்கெடுப்பில் பெயர்வாரிப் பதிவே இல்லை. டிவிஷன், அதாவது ஒவ்வொருவர் வாக்கையும் எண்ணும் வாக்கெடுப்பு, கேட்டால்தான் பதிவாகும். மசோதாக்களையும் துறைகளையும் அலசும் எம்.பி.க்களின் நிலைக்குழுக் கூட்டங்களும் மூடிய அறையில் நடப்பவை, அறிக்கை மட்டுமே வெளியே வரும்.

பதிலில் "தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்று இருந்தால் கடந்துபோய்விட வேண்டாம். அது அரசு அவைக்குக் கொடுத்த உறுதிமொழி. 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்கத் தனிக் குழுவே உண்டு. கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்து வைத்து, கெடு முடிந்ததும் உங்கள் எம்.பி. அலுவலகத்துக்கு எழுதுங்கள்.